மட்சுமோட்டோ ஹகுஓவ பார்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: பேர்லேர்ந்து தொடங்குங்க

மட்சுமோட்டோ ஹகுஓ, ஜப்பானோட பாரம்பரிய நாடகமான கபுகில நடிகர். ஹகுஓன்னு மட்டும் போட்டு தேடுனா அவரோட பெரும்பாலான வேலை உங்க கண்ணுலயே படாது. கபுகி குடும்பங்கள்ல மேடைப்பேர் தலைமுறை தலைமுறையா கைமாறும், அதனால முதல்ல இத குறிச்சு வெச்சுக்கோங்க: 1946ல சின்னப்பையனா மேடையேறுனப்போ மட்சுமோட்டோ கின்தாரோ, 1949லேர்ந்து 6ஆவது இச்சிகாவா சோமேகோரோ, 1981லேர்ந்து 9ஆவது மட்சுமோட்டோ கோஷிரோ, 2018லேர்ந்து 2ஆவது ஹகுஓ. அந்த நம்பர விட்டுடாதீங்க, ஏன்னா இப்ப கோஷிரோன்னா அவரோட பையன், சோமேகோரோன்னா பேரன், மூணு பேரும் ஒண்ணா 2018 ஜனவரில டோக்கியோ கபுகிசா தியேட்டர் மேடையில புதுப்பேர் ஏத்துக்கிட்டாங்க.

அடுத்து 'கன்ஜின்சோ'ங்கற கபுகி நாடகத்த பாருங்க. இதுல அவர் பென்கேய்ங்கற விசுவாசமான வீரன், 1000 தடவைக்கு மேல செஞ்ச வேஷம், 1000ஆவது தடவை 2008 அக்டோபர்ல நாராவுல தோடாய்ஜி கோயில்ல. முழுசா புரியணும்னு கவலைப்படாதீங்க, கதைய மட்டும் தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க: தலைவன் யோஷிட்சுனேய சாமியார் கூட்டத்துல ஒளிச்சு வெச்சு சோதனைச்சாவடிய தாண்டணும், கோயிலுக்கு நன்கொடை வசூல் பண்றோம்னு சொன்னதும் காவல் அதிகாரி தொகாஷி அதுக்கான பத்திரத்த படிங்கறாரு, பென்கேய் கையில இருக்கறது வெறும் வெள்ளைச் சுருள். அத விரிச்சு கணீர்னு 'படிக்கிறப்போ' தொகாஷி மெல்ல எட்டிப் பார்ப்பாரு, இவர் சட்டுனு சுருள மறைப்பாரு, அந்த ஒரு நொடிய ரீவைண்ட் பண்ணி பாருங்க. கடைசியில எல்லாரும் போனப்புறம் ஆடியன்ஸ் நடுவுல ஓடற ஹனமிச்சி மேடைப்பாதையில தனியா தாவித் தாவிப் போறதையும் விட்டுடாதீங்க.

அது முடிஞ்ச கையோட மியூசிக்கலுக்கு தாவுங்க, நடுவுல கேப் விடாதீங்க, அப்பதான் இவர் எவ்ளோ பெரிய ஆளுன்னு உறைக்கும். 'மேன் ஆஃப் லா மாஞ்சா'வுல டான் கிஹோட்டே வேஷத்த ஜப்பான்ல 1969ல ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷமே நியூயார்க் பிராட்வேல அதே வேஷம், இங்கிலீஷ்ல, 60 ஷோ, வயசு 27தான். அதுக்கப்புறம் 2023 வரைக்கும், 80 வயசு வரைக்கும், 1300 தடவைக்கு மேல அந்த வேஷத்த செஞ்சிருக்காரு. கபுகில இழுத்து வசனம் பேசிப் பழகுன மனுஷன் ஆர்கெஸ்ட்ராவோட மேற்கத்திய மெட்டுல பாடணும்னா குரல மொத்தமா வேற மாதிரி பழக்கணும், இத ரெண்டயும் அம்பது வருஷம் பக்கத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டிருந்தாருங்கறது என்னைப் பொறுத்தவரைக்கும் நம்பவே முடியாத உழைப்பு.

டிவி பிடிக்கும்னா ஜப்பானோட பொது ஒளிபரப்பு நிறுவனம் என்எச்கேவோட 1978 சரித்திரத் தொடர்ல அவர்தான் ஹீரோ, சோமேகோரோங்கற பேர்ல தேடுங்க. 1967ல அவரே எழுதி மெட்டுப் போட்டு பாடுன பாட்டும் அதே பேர்லதான் கிடைக்கும்.

டோக்கியோ போறவங்க கபுகிசாவுல நாலாவது மாடியில ஒரு அங்கம் மட்டும் பார்க்கற டிக்கெட் எடுங்க, முழு நாள் ஷோவுக்கு காசு குடுக்க வேணாம். அங்கேர்ந்து ஹனமிச்சி முழுசா தெரியாது, ஆனா பையன் கோஷிரோ மேடைக்கு வர்றப்போ மாடியிலேர்ந்து யாராவது "கோராய்யா!"ன்னு குரல் குடுத்தா திடுக்கிடாதீங்க, அது இந்தக் குடும்பத்தோட பட்டப்பேரு.