மலையேறும் முன் போனில் பார்க்க வேண்டியவை: அப்டேட்டுக்குப் பிறகு என்னென்ன மாறும்

கம்பம், போடி பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள், போனுக்கு அப்டேட் போடுவதானால் மறுநாள் வேலையில்லாத ராத்திரியில் போடுங்கள். பெரிய அப்டேட் பல நேரம் 2 ஜிபியைத் தாண்டும். வைஃபை இருந்தால் நல்லது. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று: ஸ்கிரீன் லாக் பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? அப்டேட் முடிந்து போன் ரீஸ்டார்ட் ஆனதும் கைரேகை வேலை செய்யாது, முதல் தடவை பின் நம்பரைத்தான் கேட்கும். அதைப் போடும்வரை வருகிற அழைப்பில் பெயர்கூடத் தெரியாது, வெறும் நம்பர்தான். வருஷக்கணக்கில் விரலை மட்டுமே வைத்துப் பழகியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மறந்துவிட்டால் போனை அழித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும், போட்டோவெல்லாம் போய்விடும்.

அடுத்தது எல்லைக்காரர்களுக்கே உள்ள தலைவலி. லோயர் கேம்ப் தாண்டி குமுளி செக்போஸ்ட்டை நெருங்கும்போது போன் கேரளா டவருக்குத் தாவும். ஒரே கம்பெனி சிம் என்றாலும் கேரளா வட்டத்துக்கு நெட்வொர்க் குறியீடு வேறு. அதனால் போன் அதை ரோமிங் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்டேட்டில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் சிக்னல் முழுசாக நிற்கும், பேச்சும் கேட்கும், நெட் மட்டும் வராது. சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் 'ஆர்' எழுத்து தெரிந்தால் காரணம் இதுதான். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். இந்தியாவுக்குள் ரோமிங்குக்குத் தனிக்காசு பிடிக்காத பிளான்கள்தான் இப்போது பெரும்பாலும், பயப்பட வேண்டாம். அதே பக்கத்தில் நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'மேனுவல்' என்றிருந்தால் மலையிறங்கிய பிறகும் போன் பழைய டவரையே தேடிக்கொண்டிருக்கும்.

நெட் வருகிறது, பேச முடியவில்லை என்றால் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) அணைந்திருக்கலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது; வோல்ட்டி இல்லாமல் அழைப்பே போகாது.

தமிழ்நாட்டு நம்பர் ஒன்று, கேரளா நம்பர் ஒன்று என இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் எஸ்எம்எஸ் எந்த சிம்மிலிருந்து போகும்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். யூபிஐ செயலி மறுபடி சரிபார்க்கச் சொன்னால் போனிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் போகும். அது வங்கியில் பதிந்த நம்பரிலிருந்தே போக வேண்டும், அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியோ பேலன்ஸோ இருக்க வேண்டும். மாறிப் போனால் எத்தனை தடவை தட்டினாலும் தோல்விதான். கீழே இருக்கும்போதே யாருக்காவது 1 ரூபாய் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். டீக்கடையில் நின்று திணறுவதைவிட இது மேல்.

அறிவிப்பு வராமல் போவதும் சகஜம். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கும் செயலி அனுமதி கேட்க வேண்டும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். சில போன்களில் பேட்டரி சேமிப்பு வாட்ஸ்அப்பை உறங்கவும் வைத்துவிடும். செயலியின் பேட்டரிப் பக்கத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று மாற்றுங்கள். தமிழ், மலையாளம் கீபோர்டு மறைந்திருந்தால் மொழிப் பட்டியலில் திரும்பச் சேர்த்தால் போதும்.

பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, போன் சூடாகிறது என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். செயலிகளைப் புது வெர்ஷனுக்கு ஏற்றபடி தயார் செய்வதும் போட்டோக்களை வகைப்படுத்துவதும் பின்னணியில் நடக்கும். ஐபோனிலும் இதே கதைதான். அதன் பிறகும் இறங்கினால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் எந்தச் செயலி தின்கிறது என்று பாருங்கள். தோட்டத்தில் டவர் இல்லாத இடம் என்றால் அப்டேட்டைத் திட்டாதீர்கள். டவரைத் தேடித் தேடியே பாதிச் சார்ஜ் போகும். அங்கே ஏரோபிளேன் மோடு போட்டுவிடுவது உத்தமம்.

"பழைய வெர்ஷனுக்கே மாற்றித் தருகிறேன்" என்று கடையில் சொன்னால் சரியென்று தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் போன் முழுக்க அழியும். போனின் மென்பொருளை மாற்றவிடாமல் காக்கும் பூட்டான பூட்லோடரைத் திறந்து மாற்றினால் வங்கிச் செயலி திறக்க மறுக்கவும் செய்யும்.