எந்தப் பதினெட்டு? நிரலில் எண்ணுக்குப் பெயர் வைக்கும்போது நேரும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவு) கணக்குக்கு எழுதிய கணினி நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

தேறியது = பேர் * 1350 * 92 / 100

பேர் என்பது வேலை செய்த நாட்களின் எண்ணிக்கை. 1350 என்பது 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம். மலையகத்தில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 92 எங்கிருந்து வந்தது? ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 வீதம் போக மிச்சம். வீதம் மாறும் நாளில் ஒருவர் 8ஐத் தேடித் தேடித் திருத்துவார். இந்த வரி மட்டும் அகப்படாது. இப்படிப் பெயரில்லாமல் நிரலில் நிற்கும் மொட்டை எண்களில் மோசமானது இந்த வகைதான், மனதுக்குள் கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதி வைப்பது. சேமநிதி_ஊழியர்_வீதம் = 8 என்று ஒருமுறை எழுதி, வரியில் (100 - சேமநிதி_ஊழியர்_வீதம்) என்று கழித்துக் காட்டுங்கள். பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

ஆனால் பெயர் வைத்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. எட்டு = 8 என்று எழுதுவோர் உண்டு. அது எண்ணையே எழுத்தில் சொல்வது. எதற்கான எட்டு என்று சொல்லவில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது ஆயிரம்_ரூபா = 1000 என்று எழுதியிருந்தால், 2024இல் ஆயிரம்_ரூபா = 1350 என்று நிற்கும். சிரிப்பு வரலாம், திருத்தப் போகிறவருக்கு வராது. நாட்சம்பளம் என்பதே சரியான பெயர்.

அதிலும் ஒரு பொறி உண்டு. நாட்சம்பளம் உண்மையில் மாறிலி அல்ல. 1350 என்று மாற்றிய பிறகு 2023ஆம் ஆண்டின் நிலுவையைத் திரும்பக் கணக்கிட்டால், பழைய மாதத்துக்கும் புதிய சம்பளம் ஏறிவிடும். அரசு நிர்ணயிக்கும் சம்பளம், வரி, பிடிப்பனவு எல்லாவற்றையும் ‘எந்தத் திகதியிலிருந்து’ என்ற நெடுவரிசையோடு அட்டவணையில் வைக்க வேண்டும்.

இனிப் பதினெட்டு. நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) என்று வைத்திருக்கும் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல் வாட் வரியும் 18 வீதம். இரண்டும் ஒரே எண்தானே என்று ஒரே மாறிலியை இரண்டுக்கும் பயன்படுத்தினால், கிலோவை 16ஆகக் குறைக்கும் அன்று வாட் சிட்டையும் 16 வீதத்துக்கு இறங்கும். முழுப்பேர்_கிலோ, வாட்_வீதம் என இரண்டு பெயர்கள் வேண்டும். இரண்டு எண்களும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

அலகை விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கொழுந்தின் ஈரத்துக்காக நிறையில் கழிப்பதை ஈரக்கழிவு = 2 என்று எழுதினால் 2 கிலோவா, 2 வீதமா? 25 கிலோக் கொழுந்தில் 2 வீதம் அரைக் கிலோதான். கிலோ என்று படித்துவிட்டால் எடுத்தவருக்கு ஒன்றரைக் கிலோ நட்டம். 0.08 என்று வைத்த வீதத்தை இன்னொருவர் மறுபடி 100ஆல் வகுத்தால் 2700 ரூபா பிடிக்க வேண்டிய இடத்தில் 27 ரூபா பிடிபடும்.

பெயரே பொய் சொல்வதும் உண்டு. கொதிநிலை = 100 என்பதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். 100 வந்தால் நிறுத்து என்று எழுதிய கேத்தல் அங்கே தண்ணீர் வற்றும்வரை கொதித்துக்கொண்டிருக்கும். கடல்மட்டக்_கொதிநிலை என்று எழுதியிருந்தால் படிப்பவர் அங்கேயே நின்று யோசித்திருப்பார்.

மறுபக்கம், எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கும் வெறி. நூறு = 100, சுழியம் = 0, கிலோவுக்குக்_கிராம் = 1000 எல்லாம் வீண். வீதத்தை 100ஆல் வகுப்பது எவருக்கும் புரியும். செல்சியஸை ஃபரனைட்டாக்கும் 9, 5, 32 ஆகியவற்றையும் அந்தச் செயற்கூறுக்குள் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் துண்டு) அப்படியே விடலாம். செயற்கூறின் பெயரே விளக்கம். ஒரே இடத்தில் மட்டும் வரும் எண்ணை இருநூறு வரி மாறிலிக் கோப்பில் கொண்டுபோய் வைத்தால், படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் அங்கும் இங்கும் ஓட வேண்டும். பயன்படும் செயற்கூறின் தலைமாட்டிலேயே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சரிபார்க்கும் ஈஎஸ்லின்ட் கருவியில் மொட்டை எண்களைக் கண்டுபிடிக்கும் விதியை இயக்குவோர், 0, 1, 100 போன்றவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எச்சரிக்கையை அடக்குவதற்காகவே ஆட்கள் நூறு = 100 எழுதத் தொடங்குவார்கள்.

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில் இந்த வழக்கம் தலைகீழ். 25 பேருக்குத் தேறும் சம்பளத்தைச் சோதிக்கும்போது எதிர்பார்க்கும் விடையையும் சேமநிதி_ஊழியர்_வீதம் கொண்டே கணக்கிட்டால், அந்த வீதத்தில் 8க்குப் பதில் 9 தட்டச்சாகியிருந்தாலும் சோதனை தேறிவிடும். விடையைக் கையால் போட்டுப் பாருங்கள்: 25 × 1350 = 33,750; 8 வீதம் 2,700; மீதி 31,050. சோதனையில் 31050 மொட்டையாகவே நிற்கட்டும், மேலே இந்தக் கணக்கு ஒரு வரிக் குறிப்பாக.