ஆர்.வி. ஜெனரேட்டர்: வாங்குவது முதல் மூடி வைப்பது வரை

அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம் குளிர்காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாலைவனத்தில் ஆர்.வி.க்கள்தான், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டிகள்தான், நிற்கும். கரண்ட் இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. பொழுது சாய்ந்தால் நாலா பக்கமும் ஜெனரேட்டர் சத்தம். எங்கள் முதல் பயணத்தில், அங்கே இரண்டாம் நாள் இரவு, எங்கள் டிரெய்லருக்குள் (வேறொரு வண்டி இழுத்துச் செல்லும் ஆர்.வி.) இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. எங்கள் ஜெனரேட்டரை அணைத்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பக்கத்து வண்டிக்காரருடையது ஓடிக்கொண்டிருந்தது. காற்று திசை மாறியதில் அந்தப் புகை எங்கள் வண்டிக்கு அடியில் தங்கி, தரையில் இருந்த இடுக்குகள் வழியாக உள்ளே ஏறிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து, புதிதாக ஆர்.வி. வாங்கும் நண்பர்கள் ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டால் நான் வாட் கணக்கில் ஆரம்பிப்பதில்லை, புகையில்தான் ஆரம்பிக்கிறேன். இங்கேயும் அப்படித்தான். ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில்: அமெரிக்காவில் எல்லோரும் 'கேஸ்' என்று சொல்வதை இங்கே பெட்ரோல் என்றே எழுதுகிறேன். ஆர்.வி.யில் சமையலுக்கு புரோப்பேன் கேஸும் இருக்கிறது, இரண்டும் குழம்பக் கூடாது.

படி 1: அலாரத்தைப் பாருங்கள்

ஜெனரேட்டர் வாங்கப் போவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

உங்கள் வண்டியில் அலாரம் ஏற்கெனவே இருக்கும். அதைக் கழற்றிப் பின்பக்கம் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சருக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டுகள். பழைய ஆர்.வி. வாங்கியவர்கள் 10 வருட அலாரத்தை நம்பித் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் வரும். ஆனால் அது பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி. தேதி கடந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அலாரம் உடனே அடித்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்கத் தர விதிப்படி, காற்றில் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) கார்பன் மோனாக்சைடு இருந்தால் அது அடிக்க 1 மணி முதல் 4 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடம். அதாவது அது அடிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே சுவாசித்திருக்கிறீர்கள். எனவே சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று உள்ளே தேடாதீர்கள். எல்லோரும் வெளியே, தலை எண்ணுங்கள், அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள், யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

படி 2: எவ்வளவு வாட் வேண்டும்?

இதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். சின்ன, நடுத்தர டிரெய்லர்களில் 30 ஆம்ப் இணைப்பு இருக்கும்: 120 வோல்ட்டில் 3,600 வாட். பெரிய வண்டிகளில் 50 ஆம்ப், இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். பயப்படாதீர்கள், அவ்வளவும் உங்களுக்குத் தேவையில்லை.

கூரை ஏ.சி.தான் முக்கியம். 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. ஓடும்போது சுமார் 1,300 முதல் 1,500 வாட் எடுக்கும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் கேட்கும். எல்லோரும் வாங்கும் ஹோண்டா ஈயூ 2200ஐ-யை எடுத்துக்கொள்வோம். பெயரில் இருக்கும் 2,200 வாட் சிறிது நேரத்துக்கு மட்டும். தொடர்ந்து தரக்கூடியது 1,800 வாட். அதனால் ஒற்றை 2200-ஐ வைத்து ஏ.சி. போட்டால் பெரும்பாலும் கிளம்பும்போதே நின்றுவிடும். வழி இரண்டு: ஏ.சி.யில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் (கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் கருவி) பொருத்துவது, அல்லது ஒரே மாதிரி இரண்டு ஜெனரேட்டரை பேரலல் கேபிளால் சேர்ப்பது. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் 21 கிலோதான், தனியாகத் தூக்கலாம். குளிர்காலத்தில் பேட்டரி சார்ஜ் செய்ய ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும்.

புதியவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் வாட்டர் ஹீட்டரும் ஃப்ரிட்ஜும் கரண்டிலும் புரோப்பேனிலும் ஓடும். ஜெனரேட்டர் கரண்ட் வந்தவுடன் ஃப்ரிட்ஜ் தானாகவே கரண்டுக்கு மாறிக்கொள்ளும், ஹீட்டர் ஸ்விட்ச் போட்டபடியே கிடக்கும். ஹீட்டர் ஒன்றே சுமார் 1,400 வாட் தின்னும். இரண்டையும் புரோப்பேனுக்கு மாற்றிவிட்டுத்தான் ஜெனரேட்டரைத் தொடுங்கள். 'ஜெனரேட்டர் சரியில்லை' என்று என்னிடம் வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

மலைக்குப் போனால் கணக்கு மாறும். உயரம் 1,000 அடி கூடினால் எஞ்சினின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், அங்கே 1,800 வாட் என்பது ஏறக்குறைய 1,360 வாட்தான்.

படி 3: எங்கே வைப்பது

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குறைந்தது 20 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. 20 அடி என்பது கிட்டத்தட்ட உங்கள் டிரெய்லரின் நீளம். ஏழெட்டுத் தப்படி எடுத்து வைத்து அளந்துகொள்ளுங்கள். புகைக்குழாய் உங்கள் வண்டியைப் பார்க்காமல் இருக்க வேண்டும், பக்கத்து வண்டியையும் பார்க்கக் கூடாது. காற்று உங்களிடமிருந்து ஜெனரேட்டர் பக்கம் அடிக்கிற மாதிரி இடம் பாருங்கள். ஒரு ரிப்பனை மேசைக் காலில் கட்டி வைத்தால் காற்று திரும்புவது தெரியும். ஜெனரேட்டர் இருக்கும் பக்கத்து ஜன்னல்களை மூடுங்கள்.

வண்டியின் முன் டிக்கிக்குள், வண்டிக்கு அடியில், வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் ஆனிங் துணிக்குக் கீழே வைத்து ஓட்டவே கூடாது. 'கதவு திறந்துதானே இருக்கிறது' என்பது பதில் இல்லை. மழை வந்தால் நாலு பக்கமும் திறந்த சின்னக் கூரை ஒன்றை ஜெனரேட்டருக்கு மேல் போடுங்கள். நனைந்த கையோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

எல்லோரும் படுக்கப் போகும்போது ஜெனரேட்டரும் அணைந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாத வெயில் என்றால், அன்று கரண்ட் இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்டில் இடம் பிடித்துவிடுவோம். தேசியப் பூங்காக்களில் நேரக் கட்டுப்பாடும் உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டும். யெல்லோஸ்டோனில் ஜெனரேட்டரை அனுமதிக்கும் இடங்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. நுழையும் இடத்துப் பலகையைப் படித்துவிடுங்கள்.

படி 4: வண்டியோடு இணைப்பது

ஜெனரேட்டரில் இருப்பது சாதாரண 20 ஆம்ப் சாக்கெட். உங்கள் வண்டி வயரில் இருப்பது 30 ஆம்ப் பிளக். நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், கடையில் டாக்போன் என்று கேட்டால் தருவார்கள். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் 30 ஆம்ப்புக்கு 10 கேஜ், 20 ஆம்ப்புக்கு 12 கேஜ். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். வீட்டில் புல்வெட்டிக்கு வைத்திருக்கும் மெல்லிய ஆரஞ்சு வயர் வேண்டாம், சூடாகி உருகும்.

வண்டியில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி (தவறான கரண்ட் உள்ளே வராமல் தடுப்பது) வைத்திருந்தால் இங்கே ஒரு தடங்கல் வரும். ஜெனரேட்டர் நன்றாக ஓடும், ஆனால் கருவி 'எர்த் இல்லை' என்று காட்டி கரண்ட்டை உள்ளே விடாது. பழுது ஒன்றுமில்லை. சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது, கேம்ப்கிரவுண்ட் இணைப்பில் அவை சேர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் கருவி பிடிக்கிறது. பாண்டிங் பிளக் என்ற சின்னப் பிளக்கை ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். இரண்டு ஜெனரேட்டர் சேர்த்திருந்தாலும் ஒரே ஒரு பிளக்தான். வண்டிக்குள் இருக்கும் சாக்கெட்டில் இதை ஒருநாளும் செருகாதீர்கள்.

வண்டியிலேயே பொருத்தும் ஜெனரேட்டர் (ஓனான் நிறுவனத்தினுடையது மாதிரி) என்றால் கதை வேறு. அதைப் பொருத்தும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் குழாய், பேட்டரி கேபிள், டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், புகைக்குழாய் என்று நாலில் எது தவறினாலும் உயிர்ச்சேதம். ஆனால் வேலை முடிந்ததும் குனிந்து பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஜெனரேட்டர் அறைக்கும் வண்டிக்குள்ளும் இடையே வயர் நுழையும் ஓட்டைகள் முழுக்க அடைபட்டிருக்கிறதா? புகைக்குழாயின் முனை வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதற்கு மேலே திறக்கும் ஜன்னல் எதுவும் இல்லாமல் இருக்கிறதா? கேம்ப்கிரவுண்ட் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே நேரத்தில் சேர முடியாதபடி டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் பிரிக்கிறதா? இந்த நாலையும் மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் மேடு தட்டி அந்தக் குழாய் நசுங்குவது சகஜம், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

படி 5: போடுவதும் அணைப்பதும்

சமதளத்தில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். பெட்ரோல் மூடியில் காற்றுத் துவாரம் இருந்தால் திறங்கள். வயரை இன்னும் செருகாதீர்கள். சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, சோக்கை மெல்ல உள்ளே தள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடட்டும்.

அப்புறம் வண்டிக்குள் மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு வயரைச் செருகி, மெயினைப் போட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏ.சி. கடைசி. ஏ.சி. போடும் முன் ஜெனரேட்டரின் எக்கோ ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எக்கோவில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால் திடீர்ப் பாரத்தைத் தாங்காமல் திணறும். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவ் வேண்டாம்.

அணைக்கும்போது தலைகீழ் வரிசை. முதலில் ஏ.சி., பிறகு மற்றவை, வயரைக் கழற்றிவிட்டு பாரமில்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் அணையுங்கள். எஞ்சின் ஆறுவதற்கு அந்த இரண்டு நிமிடம் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்று, பெட்ரோலும் இருந்தால், ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் தானே நிற்கும்படி அமைப்பு உண்டு. சாய்வான இடத்தில் வைத்தாலும் அது நிறுத்திவிடும்.

படி 6: பெட்ரோல் ஊற்றுவது

அணைத்து 15 நிமிடம் ஆறட்டும். சூடான சைலன்சரில் இரண்டு சொட்டு விழுந்தால் போதும், தீப்பிடிக்கும். கேனை பங்க்கில் நிரப்பும்போது டிரக்கின் பின்தட்டில் வைத்தபடி நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி வரலாம். டாங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சரி, 15 சதவீதம் கலந்தது சின்ன எஞ்சின்களுக்கு ஆகாது.

மோட்டார்ஹோமின் (தானே எஞ்சின் உள்ள ஆர்.வி.) டாங்கிலிருந்தே குடிக்கும் ஜெனரேட்டர் என்றால் கால் டாங்க் இருக்கும்போதே நின்றுவிடும். பழுது என்று பதறாதீர்கள். பாலைவன நடுவில் நீங்கள் ஊர் திரும்ப பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்று வேண்டுமென்றே குழாயை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

படி 7: பராமரிப்பு

புது ஜெனரேட்டருக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். புது எஞ்சினின் உலோகத் துகள்கள் அதில்தான் சேரும். ஹோண்டா 2200-க்கு அதன்பின் 100 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது சாய்த்து வடியுங்கள், வெறும் 400 மில்லிதான் பிடிக்கும். பழைய ஆயிலை மண்ணில் கொட்டாதீர்கள், பெரிய வண்டிப் பாகக் கடைகள் பலவற்றில் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். ஆயில் மாற்றும்போதே ஏர் ஃபில்டரையும் புகைக்குழாய் முனையில் இருக்கும் பொறித்தடுப்பு வலையையும் சுத்தம் செய்துவிடுங்கள். காய்ந்த புல்வெளிகளில் காட்டுத்தீயைத் தடுப்பது அந்த வலைதான்.

ஆனால் ஜெனரேட்டரைக் கொல்வது ஓட்டம் அல்ல, சும்மா கிடப்பது. பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாக இறுகி, ஊசிமுனை அளவு துளைகளை அடைத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். சீசன் முடிந்தால், புது பெட்ரோலில் ஃப்யூவல் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடட்டும். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள்.

வண்டியிலேயே பொருத்திய ஜெனரேட்டரை அப்படி வடிக்க முடியாது. அதற்கு ஓனான் நிறுவனமே சொல்வது, மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பாதி பாரத்தில் ஓட்டுங்கள் என்பது. பாரமில்லாமல் ஓட்டினால் பயனில்லை, ஏ.சி.யையோ ஹீட்டரையோ போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நாங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை வண்டியைக் கராஜை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தி இதைச் செய்கிறோம். ஓடும் அந்த இரண்டு மணி நேரத்தில் டயர் காற்று பார்ப்பது, அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்துவது, ஜெனரேட்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டிய வெள்ளை டேப்பில் தேதியும் ஓடிய மணிநேரமும் எழுதுவது. பட்டன் அழுத்தும் வேலையை இப்போது மூத்த மகளிடம் கொடுத்திருக்கிறேன்.