சைக்கிள் பாட்டம் பிராக்கெட் (பிபி) மாத்தப் போறீங்களா, எந்தப் பக்கம் திருப்பணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பெங்களூரு அல்சூர்ல இருந்து நந்தி மலைக்குக் கிளம்பினேன், தேவனஹள்ளி தாண்டினதும் மிதிக்க மிதிக்க கீழ இருந்து டக் டக்னு ஒரே சத்தம். பிபி போச்சுன்னு நானே முடிவு பண்ணி புதுசு வாங்கி மாத்தினேன், சத்தம் அப்படியேதான் இருந்துச்சு, கடைசில பார்த்தா பெடல் மரையில கிரீஸ் இல்ல, அவ்ளோதான் விஷயம்.

அதனால ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க. பிபின்னா பாட்டம் பிராக்கெட், ரெண்டு கிராங்கையும் (பெடல் மாட்டியிருக்கிற கை) சேர்க்கிற ஆக்ஸிலும் பேரிங்கும் ஃப்ரேமுக்குள்ள உக்காந்திருக்கிற இடம். கிராங்கைப் பிடிச்சு ஃப்ரேம் பக்கமா உள்ளயும் வெளியயும் ஆட்டிப் பாருங்க. ஒரு பக்கத்தை ஆட்டும்போது அந்தப் பக்க கிராங்க் மட்டும் ஆடுச்சுன்னா அந்த கிராங்க் போல்ட்தான் லூஸு, ரெண்டும் சேர்ந்து ஆடினா பிபி. அப்புறம் செயினை கீழ இறக்கி விட்டுட்டு கையால சுத்துங்க, மணல் அரைபடற மாதிரி இருந்தா பேரிங் முடிஞ்சிருச்சு. உக்காந்து மிதிச்சா மட்டும் சத்தம், எழுந்து மிதிச்சா இல்லன்னா சீட் போஸ்டையோ சீட்டையோதான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

நான் சொல்றது சதுர ஆக்ஸில் இருக்கிற சீல்டு காட்ரிட்ஜ் பிபிக்கு (பேரிங்கும் ஆக்ஸிலும் ஒரே உருளையா மூடி வரும்), நம்ம ஊர்ல நிறைய கியர் சைக்கிள்ல இதுதான். பழைய கருப்பு சைக்கிள்ல காட்டர் பின்னும் (கிராங்கை ஆக்ஸில்ல பிடிச்சு வைக்கிற ஆப்பு) தனித்தனி பால்ஸும் வரும், அது வேற கதை. வாங்கறதுக்கு முன்னாடி ஃப்ரேம்ல பிபி உக்கார்ற குழாயோட அகலத்தை அளந்துக்கோங்க, 68 இல்லன்னா 73 மி.மீ இருக்கும். பழைய பிபி மேல ஆக்ஸில் நீளமும் போட்டிருக்கும், 113, 122.5 அப்படின்னு, அதே நீளம் வாங்குங்க. மாறிச்சுன்னா செயின் ஓடற நேர்கோடு (செயின் லைன்) கோணலாகி கியர் ஒழுங்கா விழாது.

வேணுங்கறது கிராங்க் புல்லர் (கிராங்கை ஆக்ஸில்ல இருந்து இழுத்துக் கழட்டற டூல்), 20 பல்லு இருக்கிற பிபி டூல், 8 மி.மீ ஆலன் கீ இல்ல 14 மி.மீ சாக்கெட், பெரிய ஸ்பேனர், கிரீஸ். சாதாரண டூல்ஸ் எஸ்ஜேபி ரோட்டுல கிடைக்கும், புல்லரும் பிபி டூலும் நல்ல சைக்கிள் கடையில கேளுங்க.

முதல்ல கிராங்க் போல்டைக் கழட்டுங்க, வாஷர் இருந்தா அதையும் எடுத்துருங்க, ஏன்னா வாஷர் உள்ள இருக்கும்போதே புல்லரைப் போட்டா அது மொத்த மரையிலயும் ஏறாது, நீங்க இறுக்கினதும் கிராங்கோட அலுமினிய மரை உரிஞ்சு வந்துரும். புல்லரைக் கையால முழுசா ஏத்திட்டு அப்புறம்தான் ஸ்பேனர்.

இப்போ மெயின் மேட்டர். கிராங்க் வந்ததும் பிபி டூலைப் போட்டு பிபியைக் கழட்டணும், அதுல செயின் பக்கம், அதாவது வலது பக்கம் தலைகீழ் மரை. அங்க வலஞ்சுழியா திருப்பினாதான் கழலும், இடது பக்கம் வழக்கம் போல இடஞ்சுழியா. முதல் தடவை நான் அரை மணி நேரம் கழட்டுறேன்னு நினைச்சு டைட் பண்ணிட்டே இருந்தேன்! ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி இருக்கு: சைக்கிள் நேரா நிக்கும்போது ஸ்பேனர் கைப்பிடி மேல பார்த்து இருக்கட்டும், முன்சக்கரத்துப் பக்கம் தள்ளினா ரெண்டு பக்கமும் கழலும், பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினா டைட் ஆகும். சைக்கிளைக் கவுத்துப் போட்டா இந்தக் கணக்கே மாறிடும், பெடலுக்கும் இது அப்படியே உல்டா. இதெல்லாம் பிஎஸ்ஏங்கற மரை வகைக்கு (இங்கிலீஷ் மரைன்னும் சொல்வாங்க), இத்தாலியன் மரைல ரெண்டு பக்கமும் சாதா மரைதான்.

பழசு வந்ததும் உள்ள துணி விட்டுத் துடைங்க. மே மாச மழையில ஓட்டின சைக்கிள்னா சீட் போஸ்ட் வழியா இறங்கின தண்ணி அங்க தேங்கியிருக்கும், துரு ஏறியிருக்கும். மரையில தாராளமா கிரீஸ் தடவுங்க. விளிம்பு இருக்கிற பெரிய பாகம் வலது பக்கம் போகும், அதைக் கையாலேயே நாலஞ்சு சுத்து ஏத்துங்க. கையால ஏறலைன்னா கோணலா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், எடுத்துட்டு திரும்பப் போடுங்க, தயவுசெஞ்சு ஸ்பேனரால அழுத்தாதீங்க, ஃப்ரேம் மரை போச்சுன்னா புது பிபி காசெல்லாம் ஒண்ணுமே இல்ல. விளிம்பு ஃப்ரேமை முட்டற வரைக்கும் இறுக்கிட்டு இடது கப்பை (இடது பக்கம் வர்ற மரை வளையம்) ஏத்துங்க. ஷிமானோ காட்ரிட்ஜுக்கு 50-லேர்ந்து 70 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேணும், இறுக்கற அளவைக் காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லன்னா நீளமான கைப்பிடியில நல்லா இறுக்கணும்.

கிராங்கை மாட்டும்போது ரெண்டும் நேர் எதிரா இருக்கான்னு பாருங்க, ஒரு தடவை நான் கவனிக்காம போட்டு தெருமுனை வரைக்கும் நொண்டி நொண்டி மிதிச்சேன். முதல் ரைடு முடிஞ்சதும் கிராங்க் போல்டை இன்னொரு தடவை டைட் பாருங்க, லூஸா ஓட்டினா கிராங்கோட சதுர ஓட்டை தேஞ்சிரும், அப்புறம் எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது, கிராங்கையே மாத்த வேண்டியதுதான்.