சுழல் பாலத்தை மாற்றும்போது பழையதைக் கைவிடாதீர்கள்

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்காரன், ஃபிட்டர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு நெடுஞ்சாலைச் சுழல் பாலத்தை மாற்றும் வேலையில் இரண்டு வருஷம் இருந்தேன். படகு வந்தால் நடுத்தூண்மேல் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும் பாலம் அது. பாலம் வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். அந்தக் கரையோர நீர்வழியில் திறக்காத பாலம் என்றால் படகுகளுக்கு மேலே 65 அடி, அதாவது சுமார் 20 மீட்டர் விடுவார்கள். நூற்றுக்கு ஐந்து ஏற்றம் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் குறைந்தது 400 மீட்டர் சாய்வு வேண்டும். அந்த 400 மீட்டரையும் நடந்து, யார் வீடு, யார் கடை என்று பாருங்கள். இடமிருந்தால் பக்கத்திலேயே கட்டலாம். வட கரோலினா சர்ஃப் சிட்டியில் 2018இல் அப்படித்தான் உயரப் பாலம் திறந்தார்கள். இல்லாவிட்டால் பழைய தூண்மேலேயே புது இரும்பை ஏற்றலாம். சார்ல்ஸ்டன் அருகே 1945இல் கட்டிய பென் சாயர் பாலத்துக்கு 2010இல் புதிய சுழல் பகுதி மிதவையில்தான் வந்தது. இதற்குத் தூண் நன்றாக இருக்க வேண்டும். முக்குளிப்பவரை இறக்குங்கள், அலை தெறித்துக் காயும் மட்டத்தை நீங்களே சுத்தியால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும்.

கடல் வற்றிய நேரத்தில் மிதவையை அடியில் செலுத்தினால், ஏறும் தண்ணீரே பழைய பாலத்தைத் தூக்கிக் கொடுக்கும். புதியதைக் கடல் ஏறிய நேரத்தில் கொண்டுவந்தால் இறங்கும் தண்ணீர் மெல்ல உட்கார வைக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றவற்றம் பெரிது. ஓத அட்டவணையோடு, அம்மா அனுப்பிய கோயில் காலண்டரையும் கருவிப்பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன்.

சரி, எனக்கு முக்கியமானது இதுதான். புதுசு வருகிறதே என்று அங்கே பழையதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். சுழலும் பகுதியின் முனைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மணலும் துருவும் அடைந்தன. ஒரு ஜூலை மதியம், படகை விட்டுவிட்டு மூட வந்த பாலம் விரலளவு தூரத்தில் முட்டி நின்றது. வெயிலில் இரும்பு நீண்டிருந்தது. கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. குழாயில் தண்ணீர் அடித்துக் குளிரவைத்து, துருவைச் சுரண்டி மூட நாற்பது நிமிஷம் ஆயிற்று. உள்ளே இருந்த பெண்ணின் கை ஜன்னல் கண்ணாடியில் அழுந்தியிருந்ததை இன்னும் மறக்கவில்லை. அதனால் வாரம் ஒருமுறை இடைவெளியைச் சுத்தம் செய்யுங்கள். நடுத்தூண் பேரிங்குக்கும், மூடிய பாலத்தின் முனைகளைத் தாங்கும் ஆப்புகளுக்கும் கிரீஸ் வையுங்கள். கடைசி வாரத்திலும் வையுங்கள்.

பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்தால், வண்டிகள் அதில் ஓடத் தொடங்கியதும் பழையதைத் திறந்து அப்படியே பூட்டிவிடுங்கள், படகுகள் காத்திருக்க வேண்டாம். அப்புறம் கழற்றலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் கட்டர் வைக்காதீர்கள்.