ஹார்ட் டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது செய்யக் கூடாதவை

சில வருடங்களுக்கு முன் சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப் ஒருநாள் பூட் ஆகவில்லை. விண்டோஸ் சின்னம் வரும், கீழே ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று ஒரு வரி வரும், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். “நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, பாருப்பா” என்றார். நானும் படித்தவன் மாதிரியே, விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை, கெட்ட இடங்களையும் தேடச் சொல்லும் ‘/ஆர்’ போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையிலும் விண்டோஸ் வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால், தங்கை கல்யாண போட்டோ இருந்த ஃபோல்டரையே காணோம். ‘ஃபவுண்ட்.000’ என்ற புது ஃபோல்டருக்குள் ஃபைல்0000, ஃபைல்0001 என்று பெயர் தொலைத்த துண்டுகள் குவிந்து கிடந்தன.

செக்டிஸ்க் ஒரு கணக்குப்பிள்ளை. ஏடு நேராக வேண்டும் என்பதுதான் அதன் கவலை. பொருந்தாத வரியைக் கண்டால் அடித்துவிடும். திடீரென்று கரண்ட் போய்க் குழம்பிய நல்ல டிஸ்க்குக்கு அது சரியான மருந்து. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலோ, படிக்க முடியாத செக்டரோடு, அதாவது டிஸ்க்கின் சிறு பகுதியோடு, மணிக்கணக்கில் மல்லுக்கட்டும், போதாததற்கு எழுதவும் செய்யும். எனவே டேட்டா வெளியே வரும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு பைட் கூட எழுதக் கூடாது. விண்டோஸை எழுப்புவதைப் பிறகு பார்க்கலாம். சும்மா ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதும் இதே தப்புதான். ஒவ்வொரு முறை பூட் ஆக முயலும்போதும் விண்டோஸ் ஏதாவது எழுதத்தான் செய்கிறது. ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?’ என்று அது கேட்டால், பதில் வேண்டாம்தான். அதே டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை இன்ஸ்டால் செய்பவர்களும் உண்டு. மீட்க வேண்டிய ஃபைலின் மேலேயே அது போய் உட்காரலாம்.

அதே சமயம், பூட் ஆகவில்லை என்றதும் டிஸ்க்கின் மேல் பழி போடுவதும் தப்பு. முதலில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் மாடல் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் டேட்டா போகும் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். அதோடு, டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறினால் நல்ல டிஸ்க் கூட நீலத்திரையில் நிற்கும். சில ரூபாய் பேட்டரிக்காகப் புது டிஸ்க் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

டிஸ்க் தெரிகிறது, சத்தமும் வழக்கம்போல இருக்கிறது என்றால் பென்டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பாருங்கள். அங்கே ‘பாஸ்ட்’ என்று இருப்பதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். கோளாறான டிஸ்க்கும் ‘பாஸ்ட்’ காட்டும். பார்க்க வேண்டியவை 5, 197, 198 எண்ணுள்ள வரிகளின் கடைசி நெடுவரிசை. 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்க் தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. இவை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 மட்டும் ஏறினால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் ஃபோல்டர்களை இழுத்துப்போட்டுக் காப்பி செய்யத் தோன்றும். நாலைந்து ஃபைல்தான் முக்கியம் என்றால் சரி. மொத்தமும் வேண்டுமென்றால், கெட்டுப்போகும் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூதான் வழி. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றோடு போராடும். எங்கே எது முடிந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அந்த மேப் ஃபைலைக் கொடுக்காமல் ஓடவிடுவது இங்கே நடக்கிற பெரிய தப்பு. பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடப் பெரியது மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போடுவது. புது டிஸ்க்கின் வெறுமை பழையதின் மேல் ஏறிவிடும். எண்டர் தட்டும் முன் இரண்டின் சீரியல் நம்பரையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பவரை நிறுத்துங்கள். பெரும்பாலும் உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட் பழுது என்று அர்த்தம். ஹெட், டேட்டா இருக்கும் சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். மூடியைத் திறந்தால் நுழையும் சிறு தூசியே அந்த இடைவெளியைவிடப் பெரிது. எனவே மூடியைக் கழற்றி ‘லேசாகத் தட்டிவிட்டால் போதும்’ என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஃப்ரீஸரில் வைப்பது இன்னொரு பழைய வைத்தியம். வெளியே எடுத்ததும் வியர்க்கும், அந்த ஈரம் உள்ளேயும் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டுவதும் இப்போது வேலைக்காகாது. அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவீடுகள் அதனதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன. தூசியில்லா அறை வைத்திருக்கும் ரெக்கவரி ஆட்களிடம் போக வேண்டிய கட்டம் இது. காசு கேட்பார்கள், நிறையவே. ஆனால் நாம் கைவைத்த பிறகு கொண்டுபோனால் அந்தக் காசுக்கும் பலன் குறையும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி சத்தம் போடாது. பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் காணாமல் போகும். லேப்டாப்பில், டேட்டாவை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறெங்கே மாட்டினாலும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறது. கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கடைசியாக வாரன்டி. வாரன்டி இருக்கிறதே என்ற குஷியில் டிஸ்க்கை உடனே சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுவார்கள். அங்கே பொதுவாக வேறு டிஸ்க்தான் கையில் கிடைக்கும். பழையது திரும்பி வராது. சித்தப்பா டிஸ்க்குக்கும் வாரன்டி மிச்சமிருந்தது. அதைக் கொடுக்கவில்லை, இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.