ஃபயர்வோல் கேட்டால் ‘கேன்சல்’ அமத்துகிற பழக்கம்

பள்ளிக்கூட லீவு விட்டால் லிங்கநகரிலும் உப்புவெளியிலும் ஒரே கதைதான். அக்காவின் மகனும் தங்கச்சியின் மகனும் ஆளுக்கொரு லேப்டொப்போடு மைன்கிராஃப்ட் விளையாட உட்காருவார்கள். ஒருவன் உலகத்தைத் திறந்தாலும் மற்றவனால் உள்ளே வர முடியாது. அரை மணித்தியாலத்தில் வீட்டில் யாராவது ஃபயர்வோலை, அதாவது வெளியிலிருந்து கணினிக்கு வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவலை, முழுசாக நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும். அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்ட தவறு அதற்கு முதலே நடந்துவிட்டது.

‘கேன்சல்’ என்றால் ‘பிறகு பார்ப்போம்’ இல்லை

ஒரு புரோகிராம் வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காது கொடுக்கத் தொடங்கும்போதுதான் விண்டோஸ் ‘அனுமதிக்கவா’ என்று கேட்கும் பெட்டியைக் காட்டுகிறது. ஜாவா மைன்கிராஃப்டில் அதில் இருப்பது கேமின் பெயர் இல்லை. ‘ஓபன் ஜேடிகே பிளாட்ஃபோம் பைனரி’, கேமை ஓட்டுகிற ஜாவாவின் பெயர். வைரஸ் என்று பயந்து பலர் ‘கேன்சல்’ அமத்துகிறார்கள். பெட்டி மறைந்துவிடும். ஆனால் அந்த நொடியே விண்டோஸ் அந்தப் புரோகிராமுக்கு டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று (இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்) என்று தடை விதிகளை எழுதி வைத்துவிடுகிறது. அடுத்த முறை கேட்கவே கேட்காது.

கேமும் இன்டர்நெட்டும் வழக்கம்போல ஓடும். வெளியே போகிற இணைப்பை விண்டோஸ் வழமையாகத் தடுப்பதில்லை, உள்ளே வருவது மட்டும்தான் நின்றிருக்கும். அதனால் யாருக்கும் ‘கேன்சல்’ மேல் சந்தேகம் வராது. சிலர் யூடியூப் பார்த்து புதிதாக ஒரு அனுமதி விதி போடுவார்கள். அதுவும் வேலை செய்யாது: சாதாரண அனுமதி விதியும் தடை விதியும் மோதினால் தடைதான் வெல்லும். ‘அனுமதி கொடுத்தும் சரிவரவில்லை, அப்போ ஃபயர்வோல்தான் பழுது’ என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. ஐந்து நிமிட வேலைக்கு இத்தனை கூத்து.

செய்ய வேண்டியது இது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘ஃபயர்வோல் அண்ட் நெட்வேர்க் புரொடெக்‌ஷன்’ போங்கள். கீழே ‘அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’. பச்சைச் சரி அடையாளம் அனுமதி, சிவப்பு வட்டம் தடை. மைன்கிராஃப்ட் என்று தேடினால் அகப்படாமல் போகலாம். ‘ஓபன் ஜேடிகே’ என்று பாருங்கள். விதியை டபுள் கிளிக் செய்து, ‘புரோகிராம்ஸ் அண்ட் சேர்விசஸ்’ பக்கத்தில் ஃபைல் இருக்கும் பாதை கேமின் ஃபோல்டருக்குள் போகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு சிவப்பு விதிகளை அழியுங்கள். ஒன்றை மட்டும் அழித்துவிட்டுப் போகாதீர்கள். கேமைத் திரும்பத் திறந்தால் பெட்டி மறுபடி வரும். ‘பிரைவேட்’டுக்கு, அதாவது நம்பகமான நெட்வேர்க்குக்கு, மட்டும் அனுமதி கொடுங்கள்.

வீட்டு வைஃபை என்றால் ‘பிரைவேட்’தானே?

வீட்டு ஆட்கள் மட்டும் பாவித்தால் ஆம். நிலாவெளிப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை அறை வாடகைக்கு விடும் வீடுகளில் வைஃபை பாஸ்வேர்ட் சுவரிலேயே ஒட்டியிருக்கும். யாருடைய லேப்டொப்பில் என்ன இருக்கிறதென்று தெரியாது. 2017 மேயில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வொன்னாகிரை என்ற வைரஸ், பாதுகாப்புத் திருத்தம் போடாத கணினிகளுக்கு 445ஆம் போர்ட் (இணைப்பு வரும் வாசல்) வழியாகத்தான் தாவியது; ஃபைல் ஷேரிங்குக்கு விண்டோஸ் திறப்பதும் அதே போர்ட்தான். ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியான கெஸ்ட் நெட்வேர்க் இருந்தால் விருந்தாளிகளை அதில் விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் அந்த வைஃபையை ‘பப்ளிக்’ (நம்ப முடியாத நெட்வேர்க்) என்று வையுங்கள்.

ஃபயர்வோல் சேர்விஸையே நிறுத்துவது

ஸ்டார்ட் மெனு கூட வேலை செய்யாமல் போகலாம்.

விதிகள் ஒரே குழப்பமாகிவிட்டதா

‘ரீஸ்டோர் ஃபயர்வோல்ஸ் டு டிஃபோல்ட்’ கொடுத்தால் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். நீங்கள் கொடுத்த அனுமதிகளும் சேர்ந்தே போகும்.

போன் நம்பரோடு வரும் எச்சரிக்கை

அது ஃபயர்வோல் இல்லை, பிரவுசரில் திறந்த ஒரு பக்கம். முழுத்திரையாக நின்றால் ஆல்ட்டோடு எஃப்4 அமத்துங்கள்.